பனிக்குப் பூக்கும் கொடி

ஆடியில் குழி எடுத்து, மக்கிய சாணி எரு போட்டு நாலைந்து விதை ஊன்றினால், புரட்டாசிக்குள் அவரை பந்தலை மூடிவிடும். இலைதான் மண்டும், பூவைக் காணோம். புதிதாகத் தோட்டம் போட்டவர்கள் கவலைப்படுவது அப்போதுதான். கொடியில் குறை ஒன்றுமில்லை. நாட்டு அவரை, இரவு நீளட்டும் என்று காத்திருக்கிற பயிர். ஐப்பசி, கார்த்திகையில் பகல் குறுகியதும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூங்கொத்துகள் இலைக்கு மேலே நிமிரும். மார்கழியிலும் தையிலும் பறித்து மாளாது.

குறுந்தொகையின் 82ஆம் பாட்டு இதே கணக்கைத்தான் சொல்கிறது. குறவன் தினை அறுத்த புனத்தில், மறுபடி தழைத்த தாளோடு அவரைக் கொடி பூத்திருக்கிறது. காலம், கடும்பனிக் காலம். தலைவன் இன்னும் வரவில்லை. பருவம் வந்துவிட்டதைச் சொல்ல அந்தப் புலவருக்கு அவரைப் பூவே போதுமானதாக இருந்தது.

இத்தனை பழகிய கொடிக்குத் தாயகம் ஆப்பிரிக்கா. ஆனாலும் தென்னிந்தியப் புதிய கற்கால ஊர்களில் கிடைத்த கருகிய விதைகளைப் பார்த்தால், சுமார் 3500 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வந்து வேரூன்றிவிட்டது தெரிகிறது. வேறு காய்களுக்கும் அது பெயர் கொடுத்தது: கொத்தாகக் காய்ப்பது கொத்தவரை, வாள்போல் நீள்வது வாளவரை, ஓரங்களில் சிறகு விரித்தது சிறகவரை.

பீன்ஸுக்கு மட்டும் பேச்சு வழக்கில் அந்தப் பெயர் ஒட்டவில்லை. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492க்குப் பிறகே கடல் தாண்டியது. இலங்கைத் தமிழர் அதைப் போஞ்சி என்பார்கள். அங்கே கரையோரத்தை 1658 முதல் 1796 வரை ஆண்ட டச்சுக்காரர்களின் சொல் அது. தமிழ்நாட்டில் ஆங்கிலச் சொல்லே நிலைத்தது. 1840களில் ஊட்டியில் குடியிருந்த ஐரோப்பியர், தங்கள் ஊர்க் காய்கறிக்காக ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா கட்டித் தோட்டம் போட்டார்கள். பணம் போதவில்லை. ஆனாலும் ஊட்டியின் இன்றைய தாவரவியல் பூங்காவுக்குத் தொடக்கம் அந்தக் காய்கறித் தோட்டம்தான்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் தந்த செடி அவரைக்குப் பந்தலும் வேண்டாம், பருவமும் வேண்டாம். சந்தைக்கு ஆண்டு முழுதும் காய் வருவது அதனால்தான்; உழவருக்கு அது பெரிய உதவி. ஆனால் விளிம்பில் ஊதாக் கோடு ஓடும் பட்டை அவரையை நார் உரிக்கும்போது விரலில் ஏறும் வாசனை, புழக்கடைப் பந்தலுக்கே உரியது. அந்த வகைகளைக் காப்பாற்றி வைத்திருப்பவை வீட்டுத் தோட்டங்களே.

மாசியில் பறிப்பு ஓய்ந்த பிறகும் நல்ல திரட்சியான காய்கள் சிலவற்றைக் கொடியிலேயே விட்டு வைப்பார்கள். தோல் சுருங்கி, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். உரித்து, சாம்பலில் புரட்டி, பானையில் போட்டு மூடினால் அடுத்த ஆடிவரை வண்டு அண்டாது.