டாக்குரியா: அரிசி விலையும் எதிர்ப்புக் குரலும்

தெற்குக் கொல்கத்தாவில் பாலிகஞ்சுக்கும் யாதவ்பூருக்கும் நடுவே உள்ளது டாக்குரியா. 1947 பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காள அகதிகள் இந்த வட்டாரத்துக் காலி நிலங்களில் குடிசை போட்டனர். 1951இல் அவர்களை வெளியேற்ற மாநில அரசு மசோதா கொண்டுவந்தது. போராட்டம் வலுத்ததும், மறுவாழ்வுக்கு வழிசெய்யும் வகையில் அதைத் திருத்திச் சட்டமாக்கியது. கையில் காசில்லாதவர்களின் பேச்சும் அன்று எடுபட்டது.

உணவுத் தட்டுப்பாடு வந்ததும் அரசின் அந்தப் பொறுமை போயிற்று. 1959 ஆகஸ்ட் 31 அன்று, விலைவாசியைக் கண்டித்துக் கொல்கத்தாவில் திரண்ட கூட்டத்தைப் போலீசார் தடியால் அடித்துக் கலைத்தனர். 80 பேர் இறந்ததாக இடதுசாரிகள் கூறினர், அரசு ஏற்கவில்லை.

1965இல் நகருக்கு ரேஷன் வந்தது. வெளியிலிருந்து அரிசி கொண்டுவரக் கட்டுப்பாடு. கேனிங் பக்கத்து ஏழைப் பெண்கள் சிறு மூட்டைகளில் அரிசியை மறைத்து, டாக்குரியா வழியாகப் போகும் ரயில்களில் கொண்டுவந்தார்கள். போலீஸ் கண்ணில் பட்டால் மூட்டை போய்விடும். 1966இல் பசீர்ஹாட் பகுதியில் அரிசியும் மண்ணெண்ணெயும் கேட்டவர்கள்மீது போலீஸ் சுட்டதில் பள்ளி மாணவர் ஒருவர் இறந்தார். மறு ஆண்டுத் தேர்தலில் முதல்வர் பிரபுல்ல சந்திர சென் தம் தொகுதியிலேயே தோற்றார். அதே தேர்தலில் தமிழ்நாட்டிலும் காங்கிரஸ் கவிழ அரிசித் தட்டுப்பாடு ஒரு பெரிய காரணம்.

அப்போது டாக்குரியாவில் வென்றவர் சோம்நாத் லாஹிரி. அரசியல் நிர்ணய சபையில் இருந்த ஒரே கம்யூனிஸ்ட் உறுப்பினர். அடிப்படை உரிமைகள் போலீஸ் கான்ஸ்டபிளின் பார்வையில் எழுதப்பட்டிருக்கின்றன என்று 1947இல் அங்கே சாடியவர். அவர் அஞ்சியபடியே நடந்தது. தொழில் மந்தமாகி, நக்சல்பாரி இயக்கம் நகருக்குள் பரவிய காலத்தில் இளைஞர்கள் மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். எதிர்த்தவர்களும் மாற்றுக் கருத்தைப் பொறுக்கவில்லை. 1970 டிசம்பர் 30 அன்று யாதவ்பூர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் கோபால் சென் வளாகத்திலேயே கொல்லப்பட்டார்.

1977இல் ஆட்சிக்கு வந்த இடது முன்னணி அரசியல் கைதிகளை விடுவித்தது.

தட்டுப்பாடு சகிப்பைக் குலைத்தது என்பதற்காக, வளம் வந்தால் சகிப்பும் தானாக வரும் என்று சொல்லிவிட முடியாது. நாட்டின் பொருளாதாரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த 2007இல், மார்ச் 14 அன்று, தொழிற்சாலைகளுக்காக நிலம் தர மறுத்த நந்திகிராம மக்கள்மீது இடது முன்னணி அரசின் போலீஸ் சுட்டது. 14 பேர் இறந்தனர். பசித்தவர்களுக்காகத் தடியடி பட்டு வளர்ந்த இயக்கம் இதைச் செய்ததற்கு எந்தச் சமாதானமும் பொருந்தாது. 2011இல் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா, 1987 முதல் வென்றுவந்த யாதவ்பூரில், முன்பு தம்மிடம் தலைமைச் செயலாளராக இருந்த மணீஷ் குப்தாவிடம் தோற்றார்.