பெட்டியும் மேசையும்: பல்கலைக்கழக விடுதிப் புகுநாளும் மலேசியத் தமிழ் மாணவரும்

முன்னுரை

ஒரு சமூகத்தின் கல்வி வரலாற்றைத் தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டும் பட்டதாரிகளின் எண்ணிக்கையைக் கொண்டும் எழுதுவது நம்மிடையே வழக்கமாக உள்ளது. தேர்வில் வென்ற மாணவர் பல்கலைக்கழக விடுதியின் வாயிலை அடைவதற்குமுன் அவருடைய வீட்டில் நடந்த ஆயத்தங்களுக்கு அவ்வரலாற்றில் இடமில்லை. பெட்டி வாங்குவதும், பிணையாளரைத் தேடுவதும், பயணத்திற்கு வழி பார்ப்பதும் அன்றாடச் செயல்கள் என்பதால் ஆவணங்களுக்குள் வராமற்போயின. எனினும், ஒரு குடும்பம் தன் பிள்ளையை விடுதிக்கு அனுப்பிய முறையை நோக்கினால் அக்குடும்பத்தின் பொருளியல் நிலை, மொழியறிவு, உறவு வலிமை, அச்சம், நம்பிக்கை ஆகிய அனைத்தும் அங்கே புலப்படும்.

விடுதி என்பது உறங்குவதற்கான இடம் மட்டுமன்று. தோட்டப்புறத்திலிருந்தும் சிறு நகரங்களிலிருந்தும் வந்த தமிழ் மாணவருக்குப் படிப்பதற்கென்று ஓர் இடத்தை அளித்ததும், பட்டக்கல்வியை இயலக்கூடிய ஒன்றாக ஆக்கியதும் விடுதியே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். அதனை வரலாற்று நோக்கில் நிறுவ முயல்வோம்.

விடுதிகளின் தோற்றம்

மலாயாவில் உயர்கல்வி தொடங்கியபோதே மாணவர் எங்கே தங்குவது என்னும் வினாவும் எழுந்தது. 1905ஆம் ஆண்டு சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி நிறுவப்பெற்றது. தீபகற்பத்திலிருந்து அங்குப் பயில வந்தவர்களுக்கு உறைவிடம் தேவைப்பட்டது. ஐக்கிய மலாய் மாநிலங்களின் மாணவர்களுக்கென 1916ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற விடுதியே பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர் விடுதி எனப் பெயர் பெற்றது. அந்நாளில் ஜொகூர் நீரிணையின்மேல் பாலம் இல்லை. ஜொகூர் பாருவில் இரயிலைவிட்டு இறங்கி, பெட்டியுடன் படகேறி நீரிணையைக் கடக்க வேண்டியிருந்தது. 1923ஆம் ஆண்டு இரயில் பாதை நீரிணையைக் கடந்தது. 1924ஆம் ஆண்டு பாலம் முறையாகத் திறந்து வைக்கப்பெற்றது. 1932 முதல் தஞ்சோங் பகார் நிலையம் வடக்கிலிருந்து வரும் மாணவர்களை வரவேற்கும் முதல் வாயிலாயிற்று.

1920களின் இறுதியில் இராபிள்ஸ் கல்லூரி உருவானது. மருத்துவக் கல்லூரியும் இராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து 1949ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது. இதற்குமுன் 1945ஆம் ஆண்டு வெளிவந்த அஸ்குவித் குழுவின் அறிக்கை, குடியேற்ற நாடுகளின் பல்கலைக்கழகங்கள் உறைவிடப் பல்கலைக்கழகங்களாக அமைய வேண்டும் என வலியுறுத்தியது. வீட்டுச் சூழல் படிப்புக்குத் தடையாக இருக்கலாம் என்பதும், பல இனத்து மாணவர் ஒருங்கே வாழ்வதே ஒரு கல்வி என்பதும் அக்கொள்கைக்குப் பின்னிருந்த எண்ணங்களாகும். குடியேற்ற ஆட்சியின் சிந்தனையில் பிறந்த இவ்வேற்பாடு, அவ்வாட்சியின் தோட்டங்களில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பயன்பட்டமை கருதத்தக்கது.

1959ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர்ப் பிரிவு தன்னாட்சி பெற்றது. 1962ஆம் ஆண்டு இரண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறையும் கோலாலம்பூருக்கு வந்து சேர்ந்தது. அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்று கோ. சாரங்கபாணி நடத்திய 'தமிழ் எங்கள் உயிர்' இயக்கத்திற்கு எளிய மக்கள் தம் வருவாயிலிருந்து நிதி வழங்கினர். தம் பிள்ளைகள் அப்பல்கலைக்கழகத்திற்குள் நுழைவார்களா என்று அறியாமலேயே கொடுத்தவர்கள் பலராக இருந்திருப்பர். ஒரு தமிழ் மாணவரின் புகுநாள் ஆயத்தம் அவருடைய வீட்டில் மட்டும் தொடங்கவில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

லயத்திலிருந்து பந்தாய்ப் பள்ளத்தாக்கிற்கு

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. அப்பள்ளி தொடக்கக் கல்வியோடு நின்றுவிட்டது. மேலே படிக்க விரும்பிய பிள்ளை நகரத்திற்குச் செல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் பயில வேண்டும். ஆறாம் படிவம் இன்னும் தொலைவான பள்ளியில் இருக்கும். எனவே, பல்கலைக்கழக விடுதிக்குப் புறப்படுவது பல மாணவருக்கு முதற்பிரிவன்று. அதற்குமுன்பே உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கிப் படித்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது.

ஆயினும், விடுதி அவர்களுக்குப் புதிய ஒன்றை வழங்கியது. லயத்து வீட்டில் ஓரிரு அறைகளுக்குள் பெற்றோரும் பிள்ளைகளும் பாட்டியும் வாழ்ந்தனர். விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் பெற்றோர் இரவில் விரைவில் உறங்க வேண்டும். விளக்கை நெடுநேரம் எரியவிட இயலாது. உணவருந்தும் இடமே படிக்கும் இடமாகவும் இருந்தது. விடுதி அறையிலோ ஒரு கட்டில், ஓர் அலமாரி, ஒரு மேசை, ஒரு விளக்கு ஆகியவை மாணவருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. தனக்கென்று ஒரு மேசை என்பது வசதியுள்ளோருக்குச் சிறு செய்தி. லயத்தில் வளர்ந்தவருக்கு அது வாழ்வில் முதன்முறையாகக் கிடைத்த உரிமை.

பெட்டிக்குள் அடங்கியவை

புகுநாளுக்கான ஆயத்தத்தை மூன்று கூறுகளாகப் பகுத்து நோக்கலாம். அவை தாள்கள், பொருள்கள், பயணம் என்பனவாகும்.

முதலாவது தாள்கள். சேர்க்கைக் கடிதம், சான்றளிக்கப்பட்ட சான்றிதழ்ப் படிகள், மருத்துவப் பரிசோதனை அறிக்கை, நிழற்படங்கள், உதவிச்சம்பளம் அல்லது கடனுக்கான ஒப்பந்தம் ஆகியவை ஆயத்தமாக வேண்டும். ஆங்கிலம் ஆட்சி செலுத்திய காலத்தில் அக்கடிதத்தைப் படித்து விளக்கத் தோட்டத்துக் கிராணியையோ ஆசிரியரையோ நாட வேண்டிய குடும்பங்கள் இருந்தன. 1970 முதல் கல்விமொழி படிப்படியாக மலாய்க்கு மாறி, 1983இல் அம்மாற்றம் பல்கலைக்கழகத்தை எட்டியது. அதன்பின் கடிதத்தை வீட்டில் முதலில் படித்துப் பொருள் சொன்னவர் பெரும்பாலும் அம்மாணவரே ஆவார். ஒப்பந்தங்கள் பல பிணையாளரின் கையொப்பத்தைக் கோரின. நிலையான வருமானமுள்ள ஒருவரைத் தேடிப் பெற்றோர் உறவினர் வாயில்களில் நின்ற கதைகள் நம் குடும்பங்களில் இன்றும் பேசப்படுகின்றன. 1984இல் நிறுவப்பெற்ற எம்.ஐ.இ.டி. எனப்படும் மாஜு கல்வி மேம்பாட்டுக் கழகமும், 1997இல் தோன்றிய தேசிய உயர்கல்விக் கடனுதவிக் கழகமும் பணச்சுமையைக் குறைத்தன. ஆனால், கடன் தொகை கைக்கு வருமுன்னரே புகுநாள் வந்துவிடும். அவ்விடைவெளியை அடகுக்கடையும், கூட்டுச் சீட்டும், அண்ணன் அக்காள் சம்பளமுமே நிரப்பின.

இரண்டாவது பொருள்கள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, வாளி, துணி காயவைக்கும் மாட்டிகள், பூட்டு, அறிமுக வாரத்திற்கான வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் ஆகியவை காலம் மாறினும் பட்டியலில் நிலைத்தவை. தகரப் பெட்டியின் இடத்தை உருளைப் பெட்டி பிடித்துக்கொண்டது. அகராதியின் இடத்தை மடிக்கணினி பிடித்துக்கொண்டது. இவற்றோடு எந்த அலுவலகமும் கேட்காத பொருள்களும் உள்ளே இடம்பெற்றன: ஊறுகாய்ப் போத்தல், முறுக்கு, திருநீற்றுப் பொட்டலம், சிறு சாமிப்படம். அலுவலகம் தந்த பட்டியல் மாணவரை நிறுவனத்திற்கு ஏற்றவராக ஆக்கியது. அம்மா சேர்த்து வைத்தவை அவரை வீட்டாரோடு பிணைத்தன.

மூன்றாவது பயணம். 1976இல் திறக்கப்பெற்ற புடுராயா பேருந்து நிலையம் பல்லாயிரம் மாணவர் கோலாலம்பூரை முதலில் கண்ட இடமாகும். 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்தபின் வாடகை வேனிலோ உறவினர் காரிலோ குடும்பத்தோடு வருவது எளிதாயிற்று. 1984இல் கெடாவில் வட மலேசியப் பல்கலைக்கழகமும், 1990களில் சரவாக்கிலும் சபாவிலும் பல்கலைக்கழகங்களும் எழுந்தன. அவற்றால் தூரம் மீண்டும் நீண்டது. கடல் கடந்து செல்லும் பிள்ளையை வழியனுப்ப விமான நிலையத்தை முதன்முறையாகக் கண்ட பெற்றோரும் உண்டு. மகளை அத்தனை தூரம் அனுப்புவதா என்னும் தயக்கம் பல வீடுகளில் எழுந்தது. அத்தயக்கத்தை வென்று அனுப்பிய பெற்றோரின் துணிவும் கல்வி வரலாற்றின் ஒரு பகுதியே.

அறையின் மறுபாதி

பெட்டியைத் திறக்கும் நேரத்தில் அறையின் மறுபாதியில் வேறொருவர் தம் பெட்டியைத் திறந்துகொண்டிருப்பார். தமிழரே சூழ்ந்த தோட்டத்தில் வளர்ந்த மாணவர் மலாய் அல்லது சீன மாணவரோடு ஒரே அறையில் வாழ்வது இங்கேதான் தொடங்குகிறது. 1969ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்திற்குப்பின் தேசிய நடவடிக்கை மன்றம் மலாயாப் பல்கலைக்கழக மாணவரின் வளாக வாழ்க்கையை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1971இல் வெளிவந்தது. மாணவர் யாருடன் வாழ்கின்றனர் என்பது அரசின் கவலையாகவே மாறியது என்பதை இது காட்டுகிறது. உணவு, வழிபாடு, உறங்கும் நேரம் ஆகியவற்றில் விட்டுக்கொடுத்துப் பழகுவதற்கு எந்தப் பட்டியலும் பொருள் குறிப்பதில்லை. புதிய மாணவர் அதனை மனத்தில் வைத்தே கொண்டுசெல்ல வேண்டும்.

அதே வேளையில், மூத்த தமிழ் மாணவர்களும் தமிழ்ப் பேரவை போன்ற அமைப்புகளும் புதியவர்க்குத் துணை நின்றன. விடுதி வாழ்வு அளித்த கூட்டுறவு வளாகத்தோடு நின்றுவிடவில்லை. 1982ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் மு. தம்பிராஜா முன்னின்று தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் தொண்டர்களாகக் கற்பித்தனர். விடுதியில் ஒரு மேசையைப் பெற்றவர்கள், அதனைப் பெறாத தம்பி தங்கைகளை நோக்கித் திரும்பினர் எனலாம்.

2020 உணர்த்திய பாடம்

விடுதியின் மதிப்பை அது இல்லாதபோது உணர்ந்தோம். பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கல்வி இணையத்திற்கு மாறியது. அவ்வாண்டு சபாவில் ஒரு மாணவி இணையத் தொடர்புக்காக மரத்தின்மேல் தங்கித் தேர்வு எழுதிய செய்தியை நாடே அறிந்தது. அக்டோபர் 2ஆம் நாள், வளாகத்திற்கு நேரில் வந்து பதியும் நடவடிக்கையை ஒத்திவைக்குமாறு உயர்கல்வி அமைச்சு பல்கலைக்கழகங்களுக்கு அறிவுறுத்தியபோது, பெட்டியோடு புறப்பட்டுவிட்ட மாணவர் பலர் வழியில் தவித்தனர்.

விடுதிக் கதவு மூடியவுடன் ஒரே வகுப்பு மாணவரிடையே இருந்த வேறுபாடு வெளிப்பட்டது. தனியறையும் நல்ல இணையமும் உள்ள வீட்டிலிருந்து ஒருவர் பயின்றார். அடுக்குமாடிக் குடியிருப்பின் வரவேற்பறையில் தம்பி தங்கைகளின் இரைச்சலுக்கிடையே கைப்பேசியில் மற்றொருவர் பயின்றார். லயம் மறைந்து அடுக்குமாடி வந்த பின்னும் மேசை இல்லாத நிலை மறையவில்லை. அஸ்குவித் குழு 1945இல் கண்ட வீட்டுச் சூழல் என்னும் தடை, எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் நம்மிடையே இருந்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், விடுதிப் புகுநாள் என்பது ஒரு மாணவரின் தனிப்பட்ட நிகழ்வன்று. பல தலைமுறைகளின் உழைப்பு ஒரு பெட்டிக்குள் அடங்கி வாயிலுக்கு வந்து சேரும் நாள் என்பது தெளிவாகும். கல்வி உதவியைப் பற்றிப் பேசுவோர் கட்டணத்தை மட்டும் கணக்கிடுகின்றனர். புகுநாளுக்கும் முதற்கடன் தொகைக்கும் இடைப்பட்ட வாரங்களின் செலவையும், விடுதியில் இடம் கிடைக்காத மாணவரின் உறைவிடத்தையும் கணக்கில் கொள்வதே முழுமையான உதவியாகும். நம் அமைப்புகள் இதில் கருத்தைச் செலுத்துதல் வேண்டும்.

வரலாற்று மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. பழைய சேர்க்கைக் கடிதங்கள், பொருட்பட்டியல்கள், விடுதி நிழற்படங்கள், வீட்டுக்கு எழுதிய மடல்கள் ஆகியவை வீடு மாறும்போதெல்லாம் குப்பைக்குச் செல்கின்றன. தகரப் பெட்டியுடன் வந்த தலைமுறையினர் மூப்படைந்துவிட்டனர். அவர்களுடைய நினைவுகளைப் பதிவு செய்வதும் அத்தாள்களைத் திரட்டுவதும் இனியும் தள்ளிப்போடத்தக்க பணிகளல்ல. இவ்வாண்டு பெட்டி கட்டும் மாணவர்கள், தமக்கு முன் பெட்டி கட்டியவர் வீட்டில் எவரேனும் உளரா என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதி வைப்பார்களாயின் அப்பணி அன்றே தொடங்கிவிடும்.