மாமூல்: ஒரு சொல்லும் ஒரு பண்டிகைப் பலகாரமும்

தமிழில் ‘மாமூல்’ என்னும் சொல் வழக்கமானது என்று பொருள்படும். சட்டத்துக்குப் புறம்பாகக் கைமாறும் பணத்துக்கும் அப்பெயர் வழங்குகிறது. ஆனால் சிரியா, லெபனான், பாலஸ்தீனம் முதலிய நாடுகளில் இச்சொல்லைக் கேட்பவர் பண்டிகைப் பலகாரம் ஒன்றை நினைவுகூர்வர். பேரீச்சம்பழமோ பருப்போ உள்ளே வைத்து வீட்டில் சுடப்படும் அப்பலகாரத்தின் பெயரும் மாமூல் என்பதே. ஒரே சொல் ஓரிடத்தில் வழக்கமாகவும் மற்றோரிடத்தில் பலகாரமாகவும் ஆனது எவ்வாறு? கோலசிலாங்கூரிலும் வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழரின் அடுக்களைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாது? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் சொல்லின் வரலாற்றைக் காண்போம். அரபு மொழியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துகளை வேராகக் கொண்டவை. அய்ன், மீம், லாம் என்னும் மூன்றும் சேர்ந்த வேர் ‘செய்தல்’ என்னும் பொருளைத் தரும். ‘அமல்’ என்பது செயல்; ‘மாமூல்’ என்பது செய்யப்பட்டது. திரும்பத் திரும்பச் செய்யப்படுவது வழக்கமாகிறது. அந்தப் பொருளிலேயே இச்சொல் பாரசீகத்திலும் உருதுவிலும் நிலைபெற்று, ஆட்சி மொழியின் வழியே தமிழுக்கு வந்தது. வசூல், மகசூல், அசல், நகல் ஆகிய சொற்களும் அவ்வழியே வந்தவை. ‘சட்டம் அமலுக்கு வந்தது’ என்று எழுதும்போது நாம் ஆள்வதும் அதே வேரைத்தான். மலாய் மொழியிலும் ‘அமால்’ என்றால் நற்செயல். ‘அமாலான்’ என்றால் நடைமுறை. ஆகவே தமிழ் மாணவர் கூறும் மாமூலும் அவருடைய மலாய்த் தோழர் கூறும் அமாலானும் ஒரு வேரில் கிளைத்த சொற்களே.

இனிப் பலகாரத்துக்கு வருவோம். மாவுக்குள் இனிப்பான பருப்புக் கலவையை வைத்துச் சுடும் முறை அரபு உலகில் மிகப் பழையது. 1226ஆம் ஆண்டில் பாக்தாத்தில் முகம்மது பின் அல்ஹசன் அல்பாக்தாதி தொகுத்த சமையல் நூல், அரைத்த பாதாம் பருப்பும் சர்க்கரையும் பன்னீரும் சேர்ந்த கலவையை மாவில் பொதிந்து அடுப்பில் சுடும் ஒரு பண்டத்தை விவரிக்கிறது. இன்றைய மாமூலுக்கு ரவையோ கோதுமை மாவோ எடுத்து, அதில் நெய்யைச் சேர்த்துப் பிசைவர். ரவையானால் நெய் ஊறும்பொருட்டு இரவு முழுவதும் வைத்திருப்பதும் உண்டு. மறுநாள் சிறு உருண்டைகளாக்கிக் குழித்து, உள்ளே பேரீச்சம்பழ விழுதையோ, வால்நட்டையோ, பிஸ்தாவையோ வைத்து மூடி, செதுக்கிய மர அச்சில் அழுத்தித் தட்டி எடுப்பர். உள்ளிருப்பதற்கேற்ப அச்சும் மாறுவதால், வடிவத்தைக் கண்டே உட்பொருளை அறியலாம். இஸ்லாமியர் பெருநாள்களிலும், அந்நாட்டுக் கிறிஸ்தவர் உயிர்த்தெழுந்த திருநாளிலும் இதனைச் செய்கின்றனர். சமயம் வேறாயினும் பலகாரம் ஒன்றே.

இப்பலகாரத்தின் மிக நெருங்கிய உறவாகக் கருதப்படுவது நம் அண்டை வீடுகளிலேயே இருக்கிறது. நோன்புப் பெருநாளுக்கு மலாய்க் குடும்பங்கள் செய்யும் ‘குவே மக்மூர்’ என்பதே அது. கோதுமை மாவை நெய்யில் பிசைந்து, வறுத்துப் பொடித்த நிலக்கடலையையும் சர்க்கரையையும் உள்ளே வைத்து, சிறிய இடுக்கியால் மேற்புறத்தில் கிள்ளிக் கோலமிட்டுச் சுட்டு, வெண்மையான சர்க்கரைத் தூளில் புரட்டி எடுப்பர். பிஸ்தாவும் பேரீச்சையும் இருந்த இடத்தில் இங்கு எளிதில் கிடைத்த நிலக்கடலை அமர்ந்தது. மர அச்சின் வேலையை இடுக்கி ஏற்றது. பெயரும் மாறியது. ‘மக்மூர்’ என்பதும் அரபுச் சொல்லே. ஆனால் அதன் வேர் வேறு. அய்ன், மீம், ரா என்னும் அவ்வேர் வாழ்தல், தழைத்தல் என்னும் பொருள்களைத் தரும். வயதைக் குறிக்கும் ‘உமூர்’ என்னும் மலாய்ச் சொல்லும் அதிலிருந்து வந்ததே. ஒலி நெருங்கிய இரு சொற்களுள், செழிப்பைக் குறிக்கும் சொல்லே பெருநாள் பலகாரத்துக்குப் பெயராக நிலைத்தது.

இந்த மலாய் ஊர்களை அடுத்தே தமிழரின் தோட்டங்கள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் பயிரிடப்பட்டபோது, கோலசிலாங்கூர் வட்டாரத்துக்குத் தமிழ்த் தொழிலாளர் திரளாக வந்தனர். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில், 1917இல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கோனியே இந்நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தார். அத்தோட்டத்தின் பெயர் ‘தென்னமரம்’. பத்தாங் பெர்ஜுந்தை இன்று பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது; தென்னமரம் என்னும் தமிழ்ப் பெயரோ செம்பனை வரலாற்றில் நிலைத்துவிட்டது.

அத்தகைய தோட்டங்களின் லயன் வீடுகளில் இருந்தவை விறகடுப்பும் இரும்புச் சட்டியுமே. ஆதலால் தீபாவளிப் பலகாரங்களான முறுக்கு, அதிரசம், சோமாசி ஆகியவை எண்ணெயில் பொரித்தெடுக்கப்பட்டன. இவற்றுள் சோமாசியை மாமூலோடு ஒப்பிட்டு நோக்க வேண்டும். மாவை வட்டமாகத் தேய்த்து, தேங்காய்த் துருவல், பொட்டுக்கடலை, சர்க்கரை, ஏலக்காய் ஆகியவற்றின் கலவையை வைத்து, பிறைபோல் மடித்து, ஓரத்தைச் சோமாசிக் கரண்டியால் வெட்டுவர். கரண்டி இல்லாதவர் விரலால் மடித்துப் பின்னுவர். மாவில் இனிப்பு இராது. இனிப்பெல்லாம் உள்ளேயே இருக்கும். மாமூலுக்கும் பெரும்பாலும் இதுவே இலக்கணம். உள்ளே வைக்கும் கலவைக்குத் தமிழர் இட்ட பெயர் ‘பூரணம்’. பூரணம் என்றால் நிறைவு. மக்மூர் என்றால் செழிப்பு. இரு மொழியினரும் தத்தம் பண்டிகைப் பலகாரத்தில் வாழ்த்தையே பொதிந்து வைத்தனர் எனலாம்.

பண்டிகைக் காலத்தில் தட்டுகள் வீடு மாறும் வழக்கம் இந்நாட்டுக்கு உரியது. இஸ்லாமிய ஆண்டு கதிரவ ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகவே நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, 32 அல்லது 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை தீபாவளியை நெருங்கி வருகிறது. 2005இல் தீபாவளி நவம்பர் 1. பெருநாள் நவம்பர் 3. அக்காலத்தை ஒட்டிய ஆண்டுகளில் இரண்டையும் இணைத்துத் ‘தீபாராயா’ என்றே மக்கள் அழைத்தனர். சோமாசித் தட்டும் மக்மூர்த் தட்டும் ஒரே வாரத்தில் எதிரெதிரே நடந்த காலம் அது.

இன்று அந்நிலை மாறி வருகிறது. இரப்பர் செம்பனைக்கு இடம் தந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. தொழிலாளர் குடும்பங்கள் சிற்றூர்களுக்கும் நகரங்களுக்கும் பெயர்ந்தன. லயன் வீட்டு முற்றத்தில் பெண்கள் பலர் கூடிச் செய்த பலகாரம் இப்போது கடையில் புட்டியில் அடைத்து விற்கப்படுகிறது. செய்முறையை எந்த நூலிலும் கற்கலாம். ஆனால் மாவின் பதத்துக்கும், எண்ணெயின் சூட்டுக்கும், விரலால் ஓரம் மடிக்கும் முறைக்கும் நம் பாட்டிமார் வழங்கிய சொற்கள் எல்லாம் அகராதி ஏறியவை அல்ல. செய்பவர் கை ஓய்ந்தால் அச்சொற்களும் ஓய்ந்துவிடும்.

ஒரு பலகாரப் பெயர் எண்ணூறு ஆண்டு வாணிகத்தையும் ஆட்சியையும் சமயத்தையும் அண்டை வீட்டு நட்பையும் காட்ட வல்லது என்பதை இதுவரை கண்டோம். அரபு மாமூலின் வரலாற்றை நாம் அறிவதற்குக் காரணம், பாக்தாத்தில் ஒருவர் தம் காலத்து அடுக்களையை எழுத்தில் வைத்ததே. வட சிலாங்கூர் அடுக்களைக்கும் அத்தகைய எழுத்து வேண்டும். ஆசிரியர்கள் அடுத்த தீபாவளி விடுமுறையில் மாணவர்களிடம் இப்பணியை ஒப்படைக்கலாம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள மூத்தவர் ஒருவர் பலகாரம் செய்யும்போது உடனிருந்து, கருவி, பதம், அளவு, செயல் ஆகியவற்றுக்கு அவர் கூறும் சொற்களை அவர் கூறியவாறே எழுதிக்கொள்ளட்டும். தோட்டத்தின் பெயரையும் உடன் குறிக்கட்டும். ஒரு வகுப்பு முப்பது சொற்களைத் தந்தாலும், அவை தமிழுக்கு வந்த முப்பது சான்றுகளாகும்.