மடிப்பு யாருடையது?

காகிதக் கொக்குக்குக் கையெழுத்து கிடையாது. 1797இல் கியோட்டோவில் அதற்கென்றே ஒரு நூல் அச்சானது; என்றாலும் கொக்கை முதலில் மடித்தவர் யாரென்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கையிலிருந்து கைக்குப் போன சங்கதி அது. அகிரா யோஷிசாவாவின் 1954ஆம் ஆண்டு நூலோடு நிலைமை மாறுகிறது. புள்ளிக்கோடும் அம்புக்குறியுமாக மடிப்பு எழுத்தாகிறது. எழுத்து வந்தால் பின்னாலேயே ஆசிரியனும் வந்துவிடுவான் இல்லையா?

1990களில் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் லாங் 'ட்ரீமேக்கர்' மென்பொருளை எழுதினார். ஆறு கால், இரண்டு கொம்பு என்று பூச்சியைக் குச்சிப்படமாகப் போட்டுக் கொடுக்க வேண்டியது. ஒவ்வொரு உறுப்பின் நுனிக்கும் காகிதத்தில் ஒரு வட்டம். நீளக் காலுக்குப் பெரிய வட்டம். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சதுரத்துக்குள் நெருக்கி அடுக்கி, மடிப்புக்கோடுகளை அது போட்டுத் தரும். எதை முதலில் மடிப்பது? அதைச் சொல்லாது. அது கையின் பாடு.

2011இல் லாங் உள்பட ஆறு பேர் ஓவியர் சாரா மோரிஸ் மேல் வழக்குப் போட்டார்கள்: எங்கள் மடிப்புக்கோடுகளை எடுத்து வண்ணம் பூசி உங்கள் ஓவியமாக்கிவிட்டீர்கள் என்று. 2013இல் சமரசம் ஆனது. கோடு போட்டவர் பெயரையும் ஓவியத்தோடு சொல்ல வேண்டும் என்றானது.

அதே லாங், ட்ரீமேக்கரின் ஐந்தாம் பதிப்பை மூலநிரலோடு பொதுவில் விட்டிருக்கிறார். முரண்பாடு என்று இதைத் தள்ளிவிட முடியாது. கருவி எல்லோருக்கும், உழைப்புக்குப் பெயர் வேண்டும். நியாயம்தான். ஆனால் பெயர் கேட்பது எந்த இடத்தில் உடைமை கேட்பதாக மாறுகிறது? பெயரில்லாத அந்தக் கொக்குக் கைகளை மறந்துவிட்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது.