கொள்கலனுக்குள்ளிருந்து மேகத் தளச் சோதனை: டெம்பெஸ்ட் வந்த வழி

மேகக் கணிமைத் தளம் ஒன்றின் பகுதிகள் தனித்தனியே சரியாக இயங்கலாம். ஒன்றுசேர்ந்தும் அப்படியே இயங்குகின்றனவா என்று பார்ப்பது ஒருங்கிணைப்புச் சோதனை. ஓப்பன்ஸ்டாக் என்னும் திறந்த மூல மேகத் தளத்திற்கு இந்த வேலையைச் செய்யும் மென்பொருளின் பெயர் டெம்பெஸ்ட். முதலில் தளம் நிறுவப்பட்ட கணினியிலேயே ஓடிய இச்சோதனைகள், பிற்காலத்தில் கொள்கலன் எனப்படும் தனித்த மென்பொருள் பெட்டிக்குள்ளிருந்து ஓடத் தொடங்கின. இந்த இடமாற்றம் ஏன் நேர்ந்தது, அது எதைத் தீர்த்தது, எந்தப் புதிய குழப்பங்களைக் கொண்டுவந்தது என்பதே இக்கட்டுரை.

ஓப்பன்ஸ்டாக்கின் தொடக்கம்

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் 2010 ஜூலையில் ஓப்பன்ஸ்டாக்கை அறிவித்தன. நாசாவின் நெபுலா திட்டத்திலிருந்து நோவா வந்தது. இது மெய்நிகர் கணினிகளை உருவாக்கும் பகுதி. ராக்ஸ்பேஸின் கோப்புச் சேமிப்புச் சேவையிலிருந்து ஸ்விஃப்ட் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்டின் என்ற முதல் வெளியீடு வந்தது. பின்னர் அடையாளம் சரிபார்க்கும் கீஸ்டோன், வட்டுப் படிமங்களை வைத்திருக்கும் கிளான்ஸ், வலையமைப்பைக் கவனிக்கும் நியூட்ரான், வட்டுகளை இணைக்கும் சிண்டர் எனக் குடும்பம் பெருகியது.

பயனர் ஒருவர் ஒரே ஒரு மெய்நிகர் கணினி கேட்டாலும் இத்தனை பேரும் வேலை செய்ய வேண்டும். கீஸ்டோன் ஆளைச் சரிபார்க்கும். நோவா இடம் தேடும். கிளான்ஸ் படிமம் தரும். நியூட்ரான் முகவரி தரும். ஒவ்வொரு பகுதியையும் வேறு வேறு குழுக்கள் எழுதின. தம் பகுதிக்கான சிறு சோதனைகளை அவையே எழுதிக்கொண்டன. அவற்றில் எல்லாம் தேர்ச்சி பெற்றும், மெய்நிகர் கணினி முகவரி இல்லாமல் எழுந்து நிற்பதுண்டு. பிழை எந்தப் பகுதியிலும் இல்லை, இரண்டு பகுதிகள் கைகோக்கும் இடத்தில் இருந்தது.

டெம்பெஸ்ட்

இதற்காக 2011-இல் உருவானதே டெம்பெஸ்ட். புயல் என்று பொருள். அதன் வடிவமைப்பில் ஒரு கறாரான விதி உண்டு. பயனர் எந்தப் பொது இடைமுகத்தின் வழியாக மேகத்தை அணுகுவாரோ, அதன் வழியாகவே சோதனையும் அணுக வேண்டும். தரவுத்தளத்தை எட்டிப் பார்க்கக் கூடாது. தளத்தின் கணினிகளுக்குள் நேரடியாக நுழையக் கூடாது. ஓப்பன்ஸ்டாக்கின் ஆயத்த நிரல் நூலகங்களைக்கூட நம்பாமல், கோரிக்கைகளை அனுப்பத் தனக்கென ஒரு கருவியை டெம்பெஸ்ட் எழுதிக்கொண்டது. ஆயத்த நூலகம் ஒரு பிழையைத் தானே திருத்தி மறைத்துவிடலாம் என்பதும், வேண்டுமென்றே தவறான கோரிக்கையை அனுப்பிப் பார்க்க வேண்டும் என்பதும் அதற்குக் காரணங்கள்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு எழுதியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அகத்தேர்வாளர் நம் பள்ளி ஆசிரியர். புறத்தேர்வாளர் வேறு பள்ளியிலிருந்து வருபவர். எந்த அலமாரியில் எந்தக் குப்பி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அவருடைய தகுதி. டெம்பெஸ்ட் மேகத்திற்குப் புறத்தேர்வாளர்.

ஒரு சோதனையைப் பார்ப்போம். சிரோஸ் என்ற மிகச் சிறிய லினக்ஸ் படிமத்திலிருந்து ஒரு மெய்நிகர் கணினியை எழுப்பு. அதற்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி ஒன்றைக் கொடு. அந்த முகவரி வழியாகப் பாதுகாப்பான இணைப்பில் உள்ளே நுழை. நுழைய முடிந்தால் தேர்ச்சி. முடிவில் உருவாக்கிய அனைத்தையும் அழித்துவிடு.

ஒரே கணினியில் இருவர்

விதி கறாராக இருந்தாலும் நடைமுறையில் தேர்வாளரும் மாணவரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். டெவ்ஸ்டாக் என்ற நிறுவல் நிரல் மொத்த ஓப்பன்ஸ்டாக்கையும் ஒரே கணினியில் நிறுவும். டெம்பெஸ்டும் அங்கேயே ஓடும். ஒவ்வொரு நிரல் மாற்றமும் இப்படிச் சோதிக்கப்பட்ட பிறகே மூல நிரலில் சேர்க்கப்பட்டது. இரண்டும் பைத்தான் மொழியில் எழுதப்பட்டவை என்பதால் நூலகங்களின் பதிப்புகள் மோதிக்கொண்டன. டெம்பெஸ்டுக்காக ஒரு நூலகத்தைப் புதுப்பித்தால், சோதிக்கப்படும் மேகமே மாறிவிடும். பைத்தானின் மெய்நிகர் சூழல் என்னும் ஏற்பாடு இதைப் பெருமளவு தணித்தது.

2014-இல் வந்த ஐஸ்ஹவுஸ் வெளியீட்டிலிருந்து இன்னொரு முடிவு நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு டெம்பெஸ்ட் என்றில்லாமல், ஒரே டெம்பெஸ்ட் பழைய, புதிய மேகங்கள் அனைத்தையும் சோதிக்கும் என்றார்கள். என் கணிப்பில், கொள்கலனை நோக்கித் தள்ளிய உண்மையான விசை இதுதான். மேகம் பழையதாகவே நிற்கும். தேர்வாளர் மட்டும் ஆண்டுதோறும் புதிதாவார். 2020-இல் வந்த உசூரி வெளியீட்டில் ஓப்பன்ஸ்டாக் பைத்தான் 2.7-ஐக் கைவிட்டது, அக்காலத்தில் டெம்பெஸ்டும் கைவிட்டது. பைத்தான் 2.7-இல் ஓடிக்கொண்டிருந்த பழைய மேகத்தின் கணினியில் புதிய டெம்பெஸ்டை எங்கே நிறுவுவது?

பெட்டி வந்தது

விடை அதற்குள் தயாராக இருந்தது. ஒரு நிரலின் பார்வையிலிருந்து மற்றக் கோப்புகளை மறைக்கும் சிரூட் 1979-இலேயே யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இருந்தது. ஃப்ரீபிஎஸ்டி 2000-இல் ஜெயில் என்ற வசதியைத் தந்தது. கணினி வளங்களைப் பங்கிட்டுத் தரும் சிகுரூப், கூகுள் பொறியாளர்களின் பணியிலிருந்து பிறந்து 2008-இல் லினக்ஸ் கருவில் சேர்ந்தது. இவற்றை எல்லாரும் எளிதில் பயன்படுத்தும்படி ஆக்கிய டாக்கர் 2013 மார்ச்சில் வெளியானது. ஓப்பன்ஸ்டாக்கின் பகுதிகளையே கொள்கலன்களாக்கும் கொல்லா திட்டம் 2014-இல் தொடங்கியது. அது தயாரித்த படிமங்களில் டெம்பெஸ்டுக்கும் ஒன்று இருந்தது.

டெம்பெஸ்ட் பெட்டிக்குள் நன்றாகவே பொருந்தியது. அது கோரிக்கைகளை அனுப்பிப் பதில்களைப் பெறும் நிரல் மட்டுமே. தனிச் சலுகை எதுவும் கேட்பதில்லை. தனக்கு வேண்டிய பைத்தானையும் நூலகங்களையும் கட்டுச்சோறுபோல் கையோடு எடுத்து வந்துவிடும். வெளியிலிருந்து கொடுக்க வேண்டியது அமைவுக் கோப்பு ஒன்று. மேகத்தின் முகவரி, படிமத்தின் அடையாளம், வெளி வலையமைப்பின் அடையாளம் ஆகியவை அதில் இருக்கும்.

சுவர்களின் தொல்லை

ஆனால் தேர்வாளரைச் சுற்றிச் சுவர் எழுப்பினால் அச்சுவரும் தேர்வின் ஒரு பகுதியாகிவிடுகிறது. தோல்வி மேகத்தினுடையதா பெட்டியினுடையதா என்ற கேள்வி இங்கே பிறக்கிறது.

முதலாவது வலையமைப்பு. டாக்கர் தன் கொள்கலன்களுக்கு இயல்பாக 172.17 என்று தொடங்கும் முகவரிகளைத் தருகிறது. மேகத்தின் வலையமைப்பும் அதே வரிசையில் அமைந்திருந்தால், அனுப்பிய தகவல் வெளியே போகாமல் அந்தக் கணினிக்குள்ளேயே சுற்றும். மெய்நிகர் கணினி நலமாக எழுந்திருக்கும். சோதனையோ காத்திருந்து காத்திருந்து தோல்வி என்று எழுதும். அதனால் கொள்கலனை அது இருக்கும் கணினியின் வலையமைப்போடே நேராக இணைத்து ஓட்டும் வழக்கம் பரவியது.

அடுத்தது பாதுகாப்புச் சான்றிதழ். நிறுவனங்கள் தாமே வழங்கிக்கொண்ட சான்றிதழ் கணினிக்குத் தெரிந்திருந்தாலும் கொள்கலனுக்குத் தெரியாது. அந்தக் கோப்பையும் உள்ளே கொடுத்து, அதன் இடத்தை அமைவுக் கோப்பில் குறிப்பிட வேண்டும். இது முதல் கோரிக்கையிலேயே தெரிந்துவிடும் தவறு என்பதால் அதிகம் ஏமாற்றாது.

ஏமாற்றுவது செயலிகளின் எண்ணிக்கை. சோதனைகளை ஒரே நேரத்தில் பல வரிசைகளில் ஓட்டும் எஸ்டெஸ்டர் என்ற கருவி, கணினியில் எத்தனை செயலிக் கருக்கள் உள்ளனவோ அத்தனை வரிசைகளைத் தொடங்கும். 64 கருக்கள் உள்ள கணினியில், 4 கருக்களின் அளவுக்கே வேலை செய்யலாம் என்று கட்டுப்படுத்தப்பட்ட கொள்கலனுக்குள் இருந்தாலும், அதன் கண்ணுக்கு 64 தெரியும். 64 வரிசைகள் ஒரே நேரத்தில் மெய்நிகர் கணினிகளைக் கேட்க, சிறிய மேகம் திணறும். வரிசைகளின் எண்ணிக்கையைக் கையால் கொடுப்பதே வழி.

இதைவிட நுட்பமானது பூட்டு. மேகத்தின் நிர்வாகி தன் கடவுச்சொல்லைத் தர விரும்பாதபோது, முன்கூட்டியே உருவாக்கிய சில பயனர் கணக்குகளின் பட்டியலை டெம்பெஸ்டுக்குக் கொடுப்பார். ஒரு வரிசை ஒரு கணக்கை எடுத்தால் பூட்டுக் கோப்பு ஒன்றை எழுதிவைக்கும். மற்றது அதைப் பார்த்து விலகும். வேகம் வேண்டி இரண்டு கொள்கலன்களை ஒரே பட்டியலுடன் ஓட்டினால், ஒன்றின் பூட்டு மற்றொன்றுக்குத் தெரியாது. இருவரும் ஒரே கணக்கில் புகுந்து, ஒருவர் உருவாக்கியதை மற்றவர் எண்ணித் தவறு காண்பார்கள். மறுபடி தனியாக ஓட்டினால் எல்லாம் தேர்ச்சி. இத்தகைய வந்துபோகும் தோல்விகளை மேகத்தின் மேல் ஏற்றிவிடுவது எளிது.

இவை வெறும் எரிச்சல்கள் அல்ல. 2015 வாக்கில் ஓப்பன்ஸ்டாக் அறக்கட்டளை, தன் வணிகக்குறியைப் பயன்படுத்த விரும்பும் நிறுவனங்கள் டெம்பெஸ்டிலிருந்து தேர்ந்தெடுத்த சோதனைகளில் தேற வேண்டும் என்று வகுத்தது. ஆகவே பொய்யான ஒரு தோல்விக்குப் பண மதிப்பும் இருந்தது.

கொள்கலன் அழிக்கப்படும்போது முடிவுகளும் அதோடு போய்விடும் என்பதால், அவற்றை எழுதும் அடைவை வெளியே இணைத்து வைப்பார்கள். இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. சோதனை நடுவில் நிற்க, பெட்டி மறைந்துவிட்டாலும், அது மேகத்தில் எழுப்பிய மெய்நிகர் கணினிகளும் வட்டுகளும் இடத்தை அடைத்தபடி அங்கேயே இருக்கும். அவற்றைத் தேடி நீக்க டெம்பெஸ்டிலேயே துப்புரவுக் கட்டளை ஒன்று உள்ளது. எவை முன்பே இருந்தவை என்று சோதனைக்கு முன் ஒருமுறை பதிவுசெய்து வைத்தால்தான், அது பயனர்களின் உடைமைகளை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் நீக்கும்.