ஜெரமின் எந்த ஊர்ச் சொல்?

மலேசியாவின் தங்காக் ஊரில் தொட்டிச்செடி விற்பவரிடம் கொசு விரட்டும் செடி வேண்டும் என்றால், ஆழமாகக் கிழிந்த, தொட்டால் சொரசொரக்கிற இலைகளுள்ள ஒன்றை எடுத்து நீட்டுவார். மலாய்க்காரர்கள் அதை ஜெரமின் என்கிறார்கள். இலையைக் கசக்கினால் ரோஜாவும் எலுமிச்சையும் கலந்தாற்போல் மணக்கும். இதுவரை வம்பில்லை. இந்த இனத்துக்கு உலகெங்கும் ஒட்டிக்கொண்டுவிட்ட தலபுராணம்தான் எரிச்சல் தருவது. செராய் வாங்கி என்று மலாயில் சொல்லும் வாசனைப் புல்லையும் ஜெரேனியத்தையும் ஆய்வுக்கூடத்தில் இணைத்துப் பெற்ற பிள்ளையாம் இது; அதனால்தான் கொசு அண்டாதாம்.

புறத்தே வயிரம் உள்ளது புல், அகத்தே வயிரம் உள்ளது மரம் என்று தொல்காப்பிய மரபியல் அன்றே பிரித்து வைத்தது. இன்றைய தாவரவியலிலும் புல் ஒருவித்திலை, ஜெரேனியம் இருவித்திலை. இரண்டுக்கும் சம்பந்தம் பேசுவது விளம்பரக்காரர் வேலை. கொசுவுக்கும் இந்தப் புராணம் தெரியவில்லை. 1990களில் கனடாவில் சோதித்தபோது கொசுக்கள் அந்தச் செடியின் இலைமேலேயே வந்து உட்கார்ந்து இளைப்பாறின.

புராணம் எங்கே முளைத்தது என்று தேடினால் ஒரு பழைய பெயர்க் குழப்பம் அகப்படுகிறது. இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஒரு வாசனைப் புல்லின் எண்ணெயை, ரோஜா மணம் வீசியதால், வணிகர்கள் ‘இந்திய ஜெரேனியம் எண்ணெய்’ என்று விற்றார்கள். 1871இல் ஆஸ்கார் யாக்கோப்சன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அந்தப் புல்லெண்ணெயிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து ஜெரானியால் எனப் பெயரிட்டார். செடியின் பெயர் புல்லுக்குப் போய், புல்லிலிருந்து வேதிப்பொருளுக்குத் தாவிற்று. அதே பொருள் செடியிலும் உண்டு. இவ்வளவு கொண்டு கொடுத்த பிறகு யாரோ ஒருவர் கலியாணமே நடந்ததாகக் கதை கட்டியதில் வியப்பில்லை.

வாசனைப் புல் என்றதும் தமிழ் படித்தவருக்கு நரந்தம் நினைவுக்கு வந்தே தீரும். புறநானூறு 132இல் முடமோசியார் காட்டும் இமயத்துக் கவரிமா மேய்வது நரந்தையாகிய நறும்புல். பதிற்றுப்பத்தின் பதினோராம் பாட்டில் கவரி கனவிலும் அதையே காண்கிறது. அதியமானை இழந்து ஔவை புலம்பும் புறநானூறு 235இல் மன்னன் கையில் மணப்பதும் நரந்தம். குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலுக்கு வந்தால் உரைகாரர் அதை நாரத்தம்பூ ஆக்கிவிடுகிறார். புல்லா, பூவா, கத்தூரியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கவரி மேய்வது புல்தான் என்பதில் இந்தக் கட்டுரைக்கு ஐயமில்லை. நரந்தம் திரிந்து ஜெரேனியம் ஆயிற்று என்று நாளை ஒருவர் கிளம்பினால், அவருக்குப் பதில் சொல்ல இங்கே இடமில்லை.

ஜெரேனியம் கிரேக்க வேர். ஜெரானோஸ் என்றால் பெருங்கொக்கு. காய் கொக்கின் அலகுபோல் நீண்டிருப்பதால் வந்த பெயர். லின்னேயஸ் 1753இல் இவ்வகைச் செடிகள் எல்லாவற்றையும் ஜெரேனியம் என்ற ஒரே பேரினப் பெயரில் அடைத்தார். 1789இல் லெரித்தியே தென்னாப்பிரிக்க வகைகளைப் பிரித்துப் பெலர்கோனியம் என்ற பேரினத்தில் வைத்தார். பெலர்கோஸ் என்பது நாரை. ஆக, தங்காக் தொட்டியில் நிற்பது சாத்திரப்படி நாரைச்செடி. ஊர் வாயில் மட்டும் கொக்குச்செடி. குறுந்தொகை 25இல் கபிலர் சாட்சியாக நிறுத்திய குருகை, ஓசை ஒற்றுமையை நம்பி, கிரேக்கத்துக்கு ஏற்றுமதி செய்ய ஆசைப்படுகிறவர்கள், கரகரத்துக் கத்தும் பறவைக்கு லத்தீன் க்ரூஸ் என்றும் ஆங்கிலம் க்ரேன் என்றும் பெயரிட்டிருப்பதைப் பார்க்கட்டும். இவை பறவையின் குரலைக் கேட்டு வைத்தவை. உறவு கொண்டாட அது போதாது.

மலாய் ஜெரமினுக்கு வருவோம். காதில் விழுந்ததும் ஜெர்மனி நினைவு வரும். வந்த வழியே அது போகட்டும். இங்கே நடந்திருப்பது எழுத்து இடம் மாறுதல். ஜ, ர, ன, ம என்று நின்ற மெய்களில் கடைசி இரண்டும் தடம் மாறி ஜ, ர, ம, ன ஆயின. தமிழன் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. தசை சதையானதும், விசிறி சிவிறியானதும், கிராமத்து வாயில் மதுரை மருதையானதும், குதிரை குருதையானதும் இதே கூத்து.

யார் வாயிலிருந்து வந்தது? போர்த்துக்கீசியரிடமிருந்து என்றால், அவர்கள் சொல்லான ஜெரானியோவில் ஈற்று மகரமே இல்லை. மேலும் அவர்கள் மலாக்காவை 1641இல் விட்டார்கள். கேப் நாட்டுச் செடிகள் ஐரோப்பியத் தோட்டங்களில் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. டச்சுக்காரர் தொண்டையிலிருந்து உரசி எழுப்பும் முதலெழுத்து ஜகரமாகாது. ஜகரமும் மகரமும் ஒருங்கே உள்ள வாய் ஆங்கிலேயனுடையது. தமிழ்க் ‘கடை’ கெடாய் ஆகித் தங்காக்கின் புகழ்பெற்ற துணிக்கடைத் தெருவில் பலகைக்குப் பலகை தொங்குகிறதே, அதைவிடப் பிந்திய வரவு இது.

சொல் இவ்வளவு எளிதாகக் குலைந்ததற்குச் செடியே காரணம். இது பெலர்கோனியம் ராடுலா. ராடுலா என்றால் லத்தீனில் சுரண்டி. மூதாதையர் தென்னாப்பிரிக்கர், வடிகாலான மண்ணும் குளிர்ந்த இரவும் பழக்கம். கொடும் வெயிலடிக்கும் பாலைநாட்டில் இந்த வகையை வளர்ப்பவர் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கொடுத்து, மணல் கலந்த மண்ணில் நட்டு, காய்ந்த பிறகே நீர் விட்டால் பிழைத்துவிடும். எகிப்தில் நைல் பாசனத்தில் இதன் உறவினத்தைப் பயிராக்கி எண்ணெயே வடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்த உறவினம் ஏறியது மலைக்கு: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் ஏற்காட்டில் நட்டார்கள், பின்னர் கொடைக்கானல் ஆராய்ச்சி நிலையம் ‘கொடைக்கானல் 1’ என்ற ரகத்தையே வெளியிட்டது.

தங்காக்கில் பகை வெயிலன்று, ஈரம். 1,276 மீட்டர் உயர லேடாங் மலை பக்கத்திலேயே இருந்தாலும் அடிவாரத்து இரவு குளிர்வதில்லை. மழை விடாது பெய்தால் தண்டு அடியில் கறுத்து அழுகும். அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டி, பாதிக்குப் பாதி மணல், கூரை விளிம்பு என்று வைத்துக் காப்பாற்றினாலும் இந்தத் தாழ்நிலத்தில் பூப்பது அரிது; காய்ப்பது அதனினும் அரிது. கொப்பு ஒடித்து நட்டே பெருக்குகிறார்கள். ஆகவே பெயருக்குக் காரணமான அலகை இங்கே கண்டவர் இல்லை என்றே சொல்லலாம். காரணம் கண்ணில் படாத பெயர் வெறும் ஓசை. ஓசையை நாக்கு தன் வசதிக்குப் புரட்டிக்கொண்டது.

இதற்கு ஏட்டுச்சான்று கேட்பவர்கள் கேட்கட்டும். மகரமும் னகரமும் இடம் மாறிய ஆங்கிலச் சொல்லாகவே ஜெரமின் தோன்றுகிறது. மலேசியத் தமிழர் அதை அப்படியே எழுதலாம். கொசுச்செடி என்று மட்டும் எழுத வேண்டாம்.