சென்னைப் பொருளியல் பள்ளி

சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள உயர்கல்வி, ஆய்வு நிறுவனம். ஆங்கிலப் பெயர் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். 1993இல் தொடங்கப்பட்டது. முதுகலைப் படிப்புகளில் நிதிப் பொருளியலும் உண்டு.

நிறுவியவர் ராஜா செல்லையா (1922–2009). உஸ்மானியா பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் பன்னாட்டு நிதியத்திலும் பணியாற்றியவர். 1991இல் அமைக்கப்பட்ட வரிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். வகுப்பறையில் வளர்ந்த கருத்தை நாட்டின் வரிச்சட்டம் வரை கொண்டுபோன அரிய அறிஞர் அவர்.

அவருக்குப் பின் தலைவரான சி. ரங்கராஜன், அரியலூரில் 1932இல் பிறந்தவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தார். 1992 முதல் 1997 வரை ரிசர்வ் வங்கி ஆளுநர். அதுவரை பற்றாக்குறை வந்தால் மத்திய அரசு 4.6 விழுக்காடு வட்டிக்குத் தற்காலிகக் கருவூல உண்டியல்களை ரிசர்வ் வங்கியிடம் கொடுத்துப் பணம் வாங்கிவந்தது. புதிதாகப் பணம் அச்சிடுவதற்கு அது ஒப்பானது. 1994இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1997இல் அந்த வழி அடைக்கப்பட்டது. அரசும் சந்தை வட்டிக்குக் கடன் வாங்கும் நிலை வந்ததால்தான் கடன்பத்திரச் சந்தைக்கு உயிர் வந்தது. முதலீட்டைப் படிக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இயக்குநராக இருந்த உ. சங்கர், சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதார அளவையியல் துறையிலிருந்து வந்தவர். சுற்றுச்சூழல் பொருளியலிலும் ஆழ்ந்து உழைத்தார்.